மேற்குச் சுவரில் அப்பாவின் ஆணிகள்

1

தட். தட தட. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி, தட்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. இந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நான் அமெரிக்காவில், என் மினசோட்டா வீட்டில் இல்லை. காரைக்குடியில், கரண்டு ஆபீஸுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தபடி எங்கள் வீட்டுச் சன்னலில் நின்றேன். மழைக்கு முந்தின காற்றில் அந்தத் தகரம் இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அது அடிக்க ஆரம்பித்தால் அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிடுவார். அவர் லயன்மேன். காற்று என்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"தின்னுட்டுப் போங்க. கரண்டு எங்குட்டும் ஓடிராது" என்பாள் அம்மா.

"ஓடிப் போயிருச்சுன்னுதானடி போறேன்."

தட். மறுபடி மினசோட்டா. நான் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டின் மேற்குப் பக்கம், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய தாழ்ந்த சுவர், பாதி உரிந்து கிடந்தது. நாலு பலகைகள் பக்கத்து வீட்டுப் புல்லில். ஒன்று வேலிக்கு அப்பால். இன்னொன்று ஒற்றை ஆணியில் தொங்கியபடி அடித்துக்கொண்டிருந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே சுவர் என்று நாம் நினைக்கிற ஒன்று கிடையாது. மரச்சட்டம், அதற்குள் பஞ்சு, மேலே ஒட்டுப்பலகை, அதன் மேல் மழை இறங்காமல் வெள்ளையாய் ஓர் உறை. எல்லாவற்றுக்கும் வெளியே, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல, நீள நீளமான பிளாஸ்டிக் பலகைகளை மாட்டிவிடுகிறார்கள். சைடிங் என்று பெயர். விரலை மடக்கித் தட்டினால் பிஸ்கட் டப்பா சத்தம் கேட்கும்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது, வந்த முதல் நாளே அப்பா அப்படித் தட்டிப் பார்த்தார். தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இதுக்குள்ளயா இத்தன வருசமா குடியிருக்க?"

2

அவர்கள் தங்கியிருந்த ஐந்து மாதத்தில் அப்பா பட்ட பாட்டை இப்போது நினைத்தால் எனக்கும் எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது.

யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. காரைக்குடியில் அவர் தெருவில் இறங்கினால் நாலு பேராவது நிறுத்துவார்கள். மீட்டர் ஓடவில்லை, மோட்டார் இழுக்கவில்லை, பியூஸ் நிற்கவில்லை. இங்கே அவரிடம் வந்து சொல்ல யாருக்கும் எதுவும் பழுதாகவில்லை. நான் மருந்துக்கடை வேலைக்குப் போவேன். என் வீட்டுக்காரருக்கு வேறு மாநிலத்தில் வேலை, மாதத்தில் ஒரு வாரம்தான் வீடு. மகள் மதிக்கு அப்போது பதினொரு வயது, பள்ளி. அப்பா சன்னலுக்குச் சன்னல் நடப்பார். அந்த நடையைத்தான் நான் வாங்கி வந்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

ஒரு நாள் மேற்குப் பக்கப் பலகை ஒன்று லேசாய்க் கொக்கி கழன்று காற்றில் ஆடியது. அவ்வளவுதான். சாவி கொடுத்த மாதிரி எழுந்தார். கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, ஆணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து வாங்கினார். மூன்று நாள் ஏணி மேல்தான். ஆறு படி ஏறினால் கூரை ஓரம் வந்துவிடும் சுவர்தான் அது. ஆனாலும் அம்மா கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஒவ்வொரு பலகையிலும் நட்ட நடுவில், முழத்துக்கு ஓர் ஆணி, தலை உள்ளே புதையும்வரை அடித்தார்.

"ஆட்டிப் பாரு" என்றார் என்னை.

ஆட்டினேன். அசையவில்லை.

"செவருன்னா இப்படி இருக்கணும்."

அதற்குப் பிறகு மிச்ச நாட்களில் அவர் சன்னலுக்குச் சன்னல் நடக்கவில்லை. காலையில் காபியோடு போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பார். ஊர் திரும்பியதும் சலூனிலும் டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் இதே பேச்சு. "அமெரிக்காவுல எம்மக வீட்டுச் செவத்த நாந்தான் நிமித்தி வச்சேன்." எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்த்து, "என்ன, அமெரிக்காச் செவரு எப்படி இருக்கு?" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று. அதில் பாதி கிண்டல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பதில் சொல்வார். "அசையாதுய்யா."

3

காற்றடித்த நாலாம் நாள் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தக் குடியிருப்பில் வீடு வாங்கும் எல்லாரும் இந்தச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். புல் எத்தனை விரற்கடை வளரலாம் என்பதுவரை அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. தங்கள் வீட்டின் வெளித்தோற்றம் விதிகளுக்கு இசைவாக இல்லை என்று பணிவாக எழுதியிருந்தார்கள். என் வீட்டுச் சுவர் பிய்ந்ததற்கு அவர்கள் வருந்தவும் செய்தார்கள், அதே பத்தியில்.

எங்கள் பலகையின் நிறத்துக்குப் பெயர் 'பாலைவன மணல்'. அந்த மணலை இப்போது யாரும் தயாரிப்பதில்லையாம். ஏறக்குறைய ஒத்துவரும் வேறொரு மணலைக் கண்டுபிடித்து, கைக்குட்டை அளவு துண்டை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று பேர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் சுவர் முழுதும் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார்கள்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். காற்று பிய்த்திருந்த கூரை மூலையைப் படம் எடுத்தார். மேற்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். கீழே கிடந்த பலகையைத் திருப்பி, ஆணியைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விட்டிருந்ததைக் காட்டினார்.

"இதை யார் அடித்தது?"

எனக்கு இருபது வருட ஆங்கிலம் இருக்கிறது. மருந்துப் பெயர்களைத் தூக்கத்திலும் சொல்வேன். அந்த ஒரு கேள்விக்கு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் விட்டுப்போன படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. முந்தைய பழுதுபார்ப்பைச் செய்தவர் யார். இரண்டு நாள் அந்தக் காகிதத்தைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து காருக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் 'வீட்டின் முந்தைய உரிமையாளர்' என்று எழுதினேன். மதி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது, என்னைவிட ஒரு பிடி உயரம்.

"அம்மா, அது தாத்தா செஞ்சது."

"தெரியும்."

"அப்புறம் ஏன் யாரோ ஒரு ஆள எழுதுற? அந்த ஆள் பாவம்."

அந்த 'பாவம்' என்னைக் குத்தியது. அவளுடைய தமிழில் மீந்திருக்கும் கொஞ்ச வார்த்தைகளில் அது ஒன்று. எழுதியதை அடித்துவிட்டு, 'என் தந்தை' என்று எழுதினேன். போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

பதில் வந்தது. கூரை அவர்கள் பொறுப்பு. மேற்குச் சுவர் என் பொறுப்பு.

4

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அதில் ஒரே ஒரு ஆளின் செருப்புச் சத்தம். நான் வாராவாரம் கூப்பிடுவேன். "வாங்கப்பா. விசா இன்னும் நாலு வருசத்துக்கு இருக்கு. டிக்கெட் எடுத்துரவா?"

"அங்க வந்து என்ன செய்ய? சோபாவுல சாஞ்சு கெடக்கவா?"

"நீங்க அடிச்ச செவத்த வந்து பாருங்க."

அதைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் இளகுவார். "எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

"பெயிண்டு கியிண்டு அடிச்சுராதீக. ஆணித் தல துருப்பிடிக்கிதான்னு மட்டும் பாரு."

போன மாசியில்தான் முதல்முறையாக, "ஆடி கழியட்டும், பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' எனக்கு டிக்கெட் மாதிரி. அதைக் கையில் பொத்திக்கொண்டு இரண்டு மாதம் நடந்தேன். இந்த நாட்டில் அவர் கைபட்ட ஒரே இடம் அந்தச் சுவர். அதுவும் அவர் அடித்ததாலேயே விழுந்தது என்று தெரிந்தால் எதை நம்பி வருவார்?

ஆகவே வீடியோவில் பேசும்போதெல்லாம் வடக்குப் பக்கம் பார்த்தே உட்கார்ந்தேன். "எங்க, வெளிய போய்க் காட்டு" என்பார். "மழைப்பா" என்பேன். மினசோட்டாவில் இந்த வசந்தத்தில் பெய்த மழை முழுக்க நான் பெய்வித்தது.

5

ராமிரோ சைடிங் போடுகிறவர். எக்வடோர்க்காரர், என் வயதுதான். வந்த முதல் நாள் மேற்குச் சுவரில் மீதியிருந்த பலகைகளைக் கழற்றத் தொடங்கி, அரை மணி நேரத்தில் வியர்த்து இறங்கினார்.

"யார் இந்த ஆள்? கை ரொம்ப பலம்."

"என் அப்பா."

சிரித்தார். ஆனால் அடுத்த ஆணியை மெதுவாகப் பிடுங்கினார்.

புதுப் பலகைகள் வர நாளாகும். மாதிரிக்கு ஒன்று வைத்திருந்தார். அதன் மேல்விளிம்பில் துளைகள் வட்டமாக இல்லை, நீளமாக இருந்தன. ஒரு துளையின் நடுவில் ஆணியை வைத்து அடித்தார், முழுதாக இல்லை. தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழையும் இடைவெளி. பிறகு பலகையை இடம் வலமாகத் தள்ளினார். ஊஞ்சல் மாதிரி போய் வந்தது.

"இதைப் பொருத்துவதில்லை. தொங்க விடுவோம். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கணும்."

இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். தமிழில் தெரியும்.

ஒன்பதாவது படிக்கும்போது, சித்திரை லீவு. இளையாத்தங்குடி ரோட்டில் புதுக் கம்பி இழுக்கிற வேலை. அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். நான் போய்ச் சேருமுன்பே அவர் குரல் வந்துவிட்டது. கம்பத்து மேல் இருந்தவர்களை வைதுகொண்டிருந்தார்.

"எவன்டா இத வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுனது? இந்த வெயில்ல இந்த இழுப்பு இழுத்தா, மார்கழியில சுருங்கி அறுந்து எவன் ஆட்டு மேலயாச்சும் விழும். எறக்கு. தொய்வு விட்டுக் கட்டு. நீளுறதுக்கும் சுருங்குறதுக்கும் எடம் குடுக்கணுமா வேணாமா?"

மேலேயிருந்து ஒருவர், "அண்ணே, தொங்குனாப் பாக்க நல்லாருக்காதுண்ணே" என்றார்.

"நீ பாக்கவாடா கம்பி கட்டுறோம்?"

இது தெரிந்த மனிதர். முப்பத்தைந்து வருடம் கம்பிக்கு இடம் விட்டவர். அவர்தான் என் வீட்டுச் சுவரில் முழத்துக்கு ஓர் ஆணி இறக்கியிருக்கிறார். கம்பி அசையலாம். சுவர் அசையலாமா? காரைக்குடியில் பிறந்த யாருக்குத் தோன்றும் அது?

ராமிரோ பிடுங்கிய ஆணிகளைப் பெயிண்ட் டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் விழும்போது நான் எதையாவது செய்யக் கிளம்பினேன். தண்ணீர் கொண்டுவந்தேன். குப்பையை எடுத்துப் போட்டேன். இல்லாத கடிதத்தைத் தேடித் தபால்பெட்டியைத் திறந்தேன்.

6

சொன்னது மதி.

நான் கடையில் இருந்தேன். அப்பா கூப்பிட்டிருக்கிறார், அவள் எடுத்திருக்கிறாள். வெளியே வெயில். போனைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய், வெள்ளை உறை மட்டும் போர்த்தியிருந்த சுவரைக் காட்டி, பெயிண்ட் டப்பாவைக் குலுக்கியும் காட்டியிருக்கிறாள். "தாத்தா, உங்க ஆணி! எல்லாம் எடுத்தாச்சு! ரொம்ப டைட். அதனால விழுந்துச்சு." சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது ஒரு விஞ்ஞானச் செய்தி.

"தாத்தா என்ன சொன்னாங்க?"

"போன வச்சிட்டாங்க."

கத்தினேன். அவள் நின்று கேட்டாள். பிறகு தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போனாள். கோபம் வந்தால் அவள் அங்கேதான் போவாள், கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி. அவள் சொன்னதன் சாரம்: நீ அவரைக் குழந்தையாக்குகிறாய். அவருக்கு இது புரியாது என்று உனக்கு யார் சொன்னது?

அப்பா பத்து நாள் போன் எடுக்கவில்லை. பதினோராம் நாள் எடுத்தார். "அம்மா தெவசத்துக்கு நீ வாரயில்ல? வா." அப்புறம் நான் கேட்காமலே, "எனக்கு டிக்கெட்டு கிக்கெட்டு எடுத்துராத. நான் வரல."

7

பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு பலகைத் துண்டை வைத்தேன். கைநீளம். பழைய பாலைவன மணல். அப்பாவின் ஆணி ஒன்று அதில் அப்படியே இருந்தது. எதற்கு எடுத்துப் போகிறேன் என்று தெரியவில்லை. போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது?"

"எங்க வீட்டுச் செவரு சார்."

"எந்த ஊரு போறீங்க?"

"காரைக்குடி."

"காரைக்குடிக்குச் செவரு கொண்டு போறீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் அழுகையும் வரப்பார்த்தது, பெட்டியை மூடிவிட்டேன்.

தெவசம் முடிந்து மூன்று நாள் வரை அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நாலாம் நாள் காலை பலகையை எடுத்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். ஆணித் தலையை விரலால் தடவினார். பேப்பரை மடித்தார்.

"பென்சில் இருக்கா?"

மொட்டைமாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் சிமிட்டித் தரையில் பலகையை வைத்து, இரண்டு முனைக்கும் நேராகக் கோடு போட்டார். பின் அதை எடுத்துப்போய் வெயில் விழும் இடத்தில் கிடத்தினார். "மத்தியானம் வா" என்றார்.

ஆனி மாத இரண்டு மணி வெயிலில் அந்த மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அப்பா துண்டால் பலகையைப் பிடித்து எடுத்து, கோட்டுக்கு நேராக வைத்தார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார். ஒரு முனை கோட்டில் நின்றது. மறுமுனை ஒரு நாணயத்தின் கனத்துக்குக் கோட்டைத் தாண்டியிருந்தது.

"அர நூலு நீண்டுருக்கு."

"ஆமாப்பா."

"இத்துணூண்டு துண்டுக்கே அர நூலு. முழுப் பலகைக்கு?" அவர் உதடு கணக்குப் போட்டது. "அதுலயும் அங்க ஐஸ்ல கெடந்து வெயிலுக்கு வருது. நான் முழத்துக்கு ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன். அது எங்குட்டுப் போகும்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வர மாட்டீகன்னு பயந்தேன்."

"சின்னப்புள்ள சொல்லுச்சு. நீ சொல்லல." வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே தெருக் கம்பியைப் பார்த்தார். இரண்டு கம்பத்துக்கும் நடுவில் அது தாழ்ந்து போய் ஏறியது. "அது செவரு இல்லத்தா. தொங்குற சாமான். நான் செவருன்னு நெனச்சுப்புட்டேன்."

சாயங்காலம் சலூனுக்குப் போனார். வந்து, "அமெரிக்காச் செவரு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறானுக" என்றார்.

8

கிளம்பும் நாள். திருச்சிக்குக் கார் வாசலில் நின்றது. டிரைவர் பெட்டியை ஏற்றிவிட்டார். அப்பா பின்சீட்டில் தண்ணீர்ப் பாட்டிலையும் சீடைப் பொட்டலத்தையும் வைத்தார். எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"எப்ப வாரீக?" என்று கேட்டேன். ஏழு நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"நேரமாச்சு, ஏறு."

ஏறினேன். கதவை அவரே சாத்தினார். சாத்திவிட்டு, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. பத்தடி போயிருக்கும், கண்ணாடியில் அவர் கையைத் தூக்குவது தெரிந்தது. டிரைவரை நிறுத்தச் சொன்னேன்.

நடந்து வந்தார். ஓடவில்லை. சன்னலில் குனிந்தார்.

"அந்த ஆளு புதுப் பலகைய மேலயிருந்து மாட்டுவாரா, கீழயிருந்தா?"

"கீழயிருந்துப்பா. மேல் பலகதான் கடேசி."

"சங்கத்துக்காரன் குடுத்த கெடு?"

"ஆகஸ்ட் முடிய."

"ஆடி அதுக்கு முன்னாடி கழிஞ்சுருமில்ல." கார் மேல் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார், போகலாம் என்பதுபோல. ஆனாலும் குனிந்தே நின்றார். "கடேசிப் பலகைய மட்டும் மாட்டாம வைக்கச் சொல்லு. ஏணிய மதி பிடிச்சுக்கட்டும்."